ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டே கால்

கென்யாவுக்கும் டான்சானியாவுக்கும் நடுவில் ஒரு சிற்றாறு ஓடியது என்றும், ஆற்றின்மேல் இந்த லாரி போய்முடிகிறவரை அந்த லாரி காத்துநிற்க வேண்டிய அகலத்தில் ஒரு பாலம் கிடந்தது என்றும், பாலத்தின் கென்யப் பக்கத்தில் கிவுகோ என்று ஒரு சந்தை ஊர் இருந்தது என்றும், அந்தச் சந்தைக்கு நட்டநடுவில் ஒரு கரும்பலகை தொங்கியது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பலகையில் தினமும் ஒரே ஒரு எண்தான் இருக்கும். இக்கரை ஷில்லிங் ஒன்றுக்கு அக்கரை ஷில்லிங் எத்தனை என்பது அது. காசு மாற்றும் கடைகள் நான்கு, பலகை ஒன்று. பலகைக்கு எதிரே தரையில் சிமெண்டால் போட்ட ஒரு கோடு உண்டு. ஒருவர் அந்தக் கோட்டில் கால் வைத்த நேரத்தில் பலகையில் என்ன எண் இருக்கிறதோ, அவருக்கு அன்றைக்கு அதுதான் விலை. அதற்குப்பிறகு வங்கி இடிந்து விழுந்தாலும் சரி, அரசாங்கம் கவிழ்ந்தாலும் சரி, பேச்சு மாறக்கூடாது. முன்பொரு காலத்தில் வரிசையில் நிற்கும்போதே விலை மாறி இரண்டு பேருக்கு மண்டை உடைந்ததால் வந்த ஏற்பாடு இது. அதன்பின் கிவுகோவில் மண்டைகள் வேறு காரணங்களுக்காக மட்டுமே உடைந்தன.

பலகையில் எழுதுகிற வேலை ஆவுடையப்பனுக்கு. பாவூர்சத்திரத்திலிருந்து கப்பலேறி, அக்கரையில் ஒரு சைசல் கற்றாழைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து, தோட்டம் நொடித்ததும் பாலம் தாண்டி வந்து, நாலில் ஒரு காசுக்கடையை வைத்துக்கொண்டு, அந்த ஊரிலேயே தலை நரைத்த மனிதர். பெண்டாட்டி சங்கரவடிவு காலமாகிப் பதினாறு வருடம். பிள்ளைகள் இல்லை. கையெழுத்து அழகாக இருந்ததால் பலகை அவரிடம் வந்தது.

கிவுகோவில் எல்லோரும் பேசுவது ஸ்வாஹிலி. ஆனால் முப்பது வருடம் கேட்டுக்கேட்டு, ஆவுடையப்பன் காதில் அது பாவூர்சத்திரத்துத் தமிழாகவே விழ ஆரம்பித்திருந்தது. 'மஸே' என்று அவர்கள் மரியாதையாகக் கூப்பிட்டால் இவருக்கு 'அண்ணாச்சி' என்று கேட்கும். கதை அவருடையது என்பதால் நாமும் அவர் காதாலேயே கேட்போம்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பலகையில் இருபத்திரண்டு என்று எழுதிவிட்டு அவர் கைச் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஹமிசி கிழவர் அக்கரையில் மகள் கொடுத்த இரண்டாயிரம் ஷில்லிங் தாளை மாற்ற வந்து கோட்டில் கால் வைத்தார். இருபத்திரண்டு மறைந்தது. அந்த இடத்தில் ஒன்று என்று வந்தது. அதுவும் ஆவுடையப்பன் எழுதுகிற ஒன்று இல்லை, தலையில் தொப்பி போட்டமாதிரி வளைந்த ஒன்று. அப்படி எழுதியவர் இவருக்கு முன்னால் பலகையை வைத்திருந்த ஒமாரி. அவர் செத்து முப்பது வருடமாகிறது.

ஹமிசி பாலம் தாண்டி முதன்முதலில் கிவுகோவுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில். அப்போது இரண்டு கரைக் காசும் ஒன்றுக்கு ஒன்று.

"ஏன்வே முழிக்கேரு?" என்றார் ஹமிசி. "கோட்டுல கால் வச்சாச்சு. பலகையில ஒண்ணுன்னு இருக்கு. ரெண்டாயிரத்துக்கு ரெண்டாயிரம் எண்ணும்."

இருபத்திரண்டு விலைக்கு அவருக்குத் தொண்ணூறு ஷில்லிங் வந்திருக்கும். ஆவுடையப்பன் காசுக்கடைச் சங்கத் தலைவி வஞ்சிருவைப் பார்த்தார். வஞ்சிரு கிவுகோவிலேயே பிறந்தவள். அறுபது வயதில் ஒருநாளும் அந்தப் பாலத்தில் கால் வைக்காதவள் என்பதை ஒரு பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்கிறவள். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பலகையைப் படித்தாள்.

"சட்டம்னா சட்டந்தான். பலகையில உள்ளதைக் குடும். பலகைக்குக் கிறுக்குப் பிடிச்சா அது பலகை பாடு" என்றாள்.

ஹமிசி இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு, இதில் என்ன அதிசயம் என்ற முகத்தோடு புகையிலை வாங்கப் போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. கோட்டில் கால் வைக்கிறவர் முதன்முதலாகப் பாலம் தாண்டிய நாளில் பலகையில் என்ன எழுதியிருந்ததோ, அந்த எண், அன்றைக்கு எழுதியவர் கையெழுத்திலேயே வந்து நின்றது. அவர் காலை எடுத்ததும் இன்றைய எண் திரும்பி வந்தது. தொண்ணூறில் வந்தவருக்கு எட்டரை, தொண்ணூற்றெட்டில் வந்தவருக்குப் பதினொன்று, போன வருடம் வந்தவருக்கு இருபத்தொன்றரை. இடையில் இரண்டு அரசாங்கங்களும் கோபித்துக்கொண்டு எல்லையை மூடிவைத்திருந்த வருடங்களில் ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் நின்றால், எண் எதுவும் வராமல் பலகை நனைந்து சொட்டியது. கிவுகோவிலேயே பிறந்து அக்கரை காணாதவர்களுக்குப் பலகை வெறுமையாக இருந்தது. வஞ்சிரு மூன்று தரம் நின்று பார்த்தாள். மூன்று தரமும் வெறும் பலகை. அன்றிலிருந்து அந்தப் பெருமையை அவள் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

ஏன் இப்படி என்று ஒரு வாரம் பேசினார்கள். பிறகு அது போரடித்துவிட்டது. பலகைக்குப் போட்ட மரம் எந்தக் காட்டு மரம் என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தார், கேட்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார். எப்படிச் சமாளிப்பது என்பதுதான் ஊருக்குப் பெரிய கேள்வி. ஏனென்றால் அக்கரைக் காசை இக்கரைக் காசாக்கப் பழைய ஆள் வேண்டும், இக்கரைக் காசை அக்கரைக் காசாக்கப் புதிய ஆள் வேண்டும் என்பதைக் கிவுகோ குழந்தைகள்கூட இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டன. பத்து வருடமாகக் கட்டிலைவிட்டு இறங்காத கிழவர்கள் குளித்து, எண்ணெய் தடவி, தள்ளுவண்டியில் சந்தைக்கு வந்தார்கள். மருமகள்கள் மாமனாருக்குப் பாலில் முட்டை அடித்துக் கொடுத்தார்கள். காசுக்கடைகள் நான்கும் மூன்றே நாளில் துடைத்துவைத்த பாத்திரமாகிவிட்டன.

வஞ்சிரு சங்கத்தைக் கூட்டினாள். முதன்முதலில் வந்த நாளில் ஒருவர் கையில் எவ்வளவு காசு இருந்ததோ அவ்வளவுக்குத்தான் பழைய விலை என்று முதலில் ஒரு விதி போட்டார்கள். அதன்பிறகுதான் தெரிந்தது, கிவுகோவுக்குப் பஞ்சம் பிழைக்க வந்த அத்தனை பேரும் பெட்டிபெட்டியாகப் பணத்தோடு வந்திருக்கிறார்கள் என்று. அந்த விதியைக் கிழித்துப்போட்டு, ஆளுக்கு நாளைக்கு ஒரு கூடைக் காய்கறிக்கான காசு, அதற்குமேல் இல்லை என்று முடிவானது. ஆறு நனைத்துவிட்டவர்களுக்கு இன்றைய விலை. பலகையைத் துடைக்கத் துணி மட்டும் அவர்களே கொண்டுவர வேண்டும். இதை விசாரிக்க வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். இப்படியொரு மாற்று விகிதம் நடைமுறையில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பிறகு தானும் கோட்டில் நின்று, பதினேழரைக்கு ஒரு கூடை மாற்றிக்கொண்டு போனார்.

இப்படி அந்த அதிசயம் ஊர் வழக்கத்தில் ஒன்றாகிப்போனது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் அப்பாவைக் கோட்டில் நிறுத்திப் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கு முன்பு இந்த ஊருக்கு நான்தான் வெளிச்சம் கொண்டுவந்தேன் என்று பிரசங்கம் செய்கிற பாதிரியார் நின்றபோது பதினெட்டரை என்று வந்தது, அதாவது ஆறே வருடம். சபையார் கோபப்படவில்லை, பிரசங்கத்தை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். முன்பு பலகை எழுதிய ஒமாரியின் மகள் கருவாடு விற்கிறவள். அவள் தினமும் காலையில் ஹமிசிக்கு ஒரு கருவாடு கொடுத்து, காசு மாற்றாவிட்டாலும் கொஞ்ச நேரம் கோட்டில் நிற்கச் சொல்லுவாள். தொப்பி போட்ட அந்த ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பாள்.

கோட்டுப் பக்கமே வராத ஒரு ஆள் இருந்தாள். அவள் பெயர் ரெஹேமா. ஆவுடையப்பன் கடைக்குப் பக்கத்தில் தேத்தண்ணீரும், எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டியும் விற்கிறவள். நாற்பது வயது இருக்கும். இடது மணிக்கட்டு திரும்பாது. வலது கையாலேயே மாவு பிசைந்துவிடுவாள். அக்கரைக் காசு சேர்ந்தால் அதை ஆவுடையப்பனிடம் பின்பக்கமாக நீட்டுவாள், அவர் தன் கணக்கில் மாற்றிக் கொடுப்பார். காலையில் முதல் டம்ளர் தேத்தண்ணீர் அவருக்கு. சீனியைக் குறை என்று அவர் சொல்லுவார், அவள் குறைக்கமாட்டாள். ஊரே தன்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரெஹேமா கூப்பிடும்போது மட்டும் அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல் உறுத்தியது. ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே அவளை விரும்பினார். சொல்லவில்லை.

ரெஹேமா ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான். ஆனால் சந்தையில் கடை போடப் பதினைந்து வருடமாவது ஊரில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கையில் கட்டோடு வந்து நின்றபோது, "எத்தனை வருசமா இருக்கே?" என்று வஞ்சிரு கேட்டாள், "இருபது" என்று ரெஹேமா சொன்னாள், வஞ்சிரு அந்தக் கட்டை ஒருதரம் பார்த்துவிட்டு இருபது என்று எழுதிக்கொண்டாள். மொத்தச் சந்தைக்கும் அது தெரியும். யாரும் அதைப் பேசியதில்லை.

அக்டோபர் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பாலம் தாண்டி வந்து குடியிருப்பவர்களுக்கு நிரந்தர அட்டை. அதற்குப்பின் வந்தவர்கள் பதினான்கு நாளில் திரும்பிப் போய்விட வேண்டும். யார் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஒருவரிடமும் காகிதம் கிடையாது. ஆனால், மேற்படி ஊரில் மேற்படி பலகை இருப்பதாகத் தெரியவருவதால், பலகை காட்டும் எண்ணே இறுதியானது, அதன்மேல் முறையீடு கிடையாது என்று சுற்றறிக்கையில் கண்டிருந்தது. எந்த வருடம் என்ன விலை என்ற பட்டியலும் இணைத்திருந்தார்கள். பட்டியலைப் படித்து வஞ்சிரு சுருக்கமாகச் சொன்னாள்:

"பதிமூணரைக்குக் கீழே உள்ளவன் இருக்கலாம். மேலே உள்ளவன் மூட்டையைக் கட்டணும்."

ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பிரியவில்லை. குறைந்த எண்காரர்கள் கூடிய எண்காரர்களுக்குச் சோறு கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொடுத்தனுப்புவது வழக்கம் என்பதால் அதை வாங்கியவர்களுக்கு இன்னும் பயம் வந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், கடைகளில் ஆள் இல்லாத நேரத்தில், ரெஹேமா அடுப்பை அணைத்துவிட்டு ஆவுடையப்பன் கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நான் திரும்பிப் போனா எங்க அண்ணன்மார் என்னை என் புருசன் வீட்டுலதான் கொண்டு விடுவாங்க. என்னையக் கட்டும்போது அவன் பரிசமாக் குடுத்த மாட்டை வித்துத் தின்னாச்சு. திருப்பிக் குடுக்க மாடு இல்ல, அதனால என்னையக் குடுப்பாங்க" என்றாள். திரும்பாத மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கையை முறிச்சவன். இன்னொண்ணு மிச்சம் இருக்கு."

ஆவுடையப்பன் திறந்திருந்த கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"நீ முதல்முதலா பாலம் தாண்டினது என்னைக்கு? தேதி நினைவிருக்கா?"

"எனக்கு எங்கே தேதி தெரியும்? ரெண்டு வருசத்துக்கு முந்தி, மழை விட்ட பிறகு. பாலம் கொள்ளாம சனம். அந்த நெரிசல்ல நுழைஞ்சதாலதான் துரத்தி வந்த அவன் தம்பி என்னைத் தவறவிட்டுட்டான்."

பாலம் கொள்ளாத கூட்டம் என்றதும் ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிவுகோப் பாலம் வருடத்தில் இரண்டு நாள்தான் நிரம்பும். ஒன்று பெருநாளுக்கு முந்தின நாள். இன்னொன்று சங்கரவடிவின் திதி.

அந்தத் திதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் செத்த மறுவருடம், ஆனி மாதத் திதியன்று அவர் இலைபோட்டுச் சோறு வைத்தார். கிவுகோவில் காக்காய் வரவில்லை; ஆளுயரப் பெருநாரை ஒன்று வந்து இலையோடு தூக்கிக்கொண்டு போனது. மந்திரம் சொல்ல ஆள் கிடையாது. அன்னதானம் போட அவருக்குச் சமைக்கத் தெரியாது. தன் கையில் இருப்பது ஒரு சுண்ணாம்புக் கட்டியும் பலகையும்தானே என்று யோசித்து, காலை பத்து மணிக்கு அன்றைய விலையை அழித்துவிட்டு, அவள் செத்த நாளின் விலையை எழுதினார்: பன்னிரண்டே கால். மற்ற மூன்று கடைகளும் ஒரு மணி நேரம் மூடிக்கொள்ள, அவர் கடையில் மட்டும் அக்கரையிலிருந்து வருகிற யாருக்கும் அந்த விலைக்கு மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து வருடாவருடம் அதுவே திதி. பன்னிரண்டாயிரத்து இருநூற்றைம்பது கொடுத்தால் ஆயிரம் கிடைக்கும். நிஜ விலைக்கு மாற்றினால் இப்போது ஐந்நூற்றைம்பதுதான் தேறும். வருடம் ஏற ஏற சங்கரவடிவின் திதிக்குச் செலவும் ஏறியது. பஞ்சாங்கப்படி நாள் மாறிக்கொண்டே இருப்பதால், அக்கரையில் இரண்டு மாதம் முன்பே அந்த அம்மாவின் நாள் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாலத்தையே பார்த்திராதவர்கள்கூட அதற்காகப் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

பலகை வங்கியின் விலையைக் காட்டுவதில்லை, பலகையில் இருந்ததைத்தான் காட்டுகிறது. சமீபத்தில் திதிக்கு வந்து தங்கிய சில ஆட்களுக்கும் பன்னிரண்டே கால் வந்ததை இந்த மூன்று மாதத்தில் ஆவுடையப்பன் பார்த்திருந்தார். தன் வீட்டுத் துக்கம் ஊரார் காலடியில் வந்து நிற்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தக் கூட்டம் பெருநாள் கூட்டமா, காசு மாத்துத கூட்டமா?" என்று கேட்டார்.

"பின்னால திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடினவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றாள் ரெஹேமா. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். திதியன்று வந்திருந்தால் அவளுக்கும் பன்னிரண்டே கால் வரும் என்பதை ஆவுடையப்பன் அவளிடம் சொல்லவில்லை. பொய்த்துப்போனால் அந்த நம்பிக்கையையும் சேர்த்து அவள் சுமக்க வேண்டியிருக்கும் என்று பயந்தார்.

மறுநாள் முதிசோ என்ற அதிகாரி மடக்கு மேசையும் தடித்த பதிவேடும் கொண்டுவந்து, பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். படித்த ஸ்வாஹிலி பேசுகிறவர். ஆவுடையப்பன் காதில் அது செய்தி வாசிப்பதுபோல் விழுந்தது. கையெழுத்து யாருடையது என்று சாட்சி சொல்ல ஆவுடையப்பனையும் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். வரிசை சந்தையைத் தாண்டி மாட்டுத்தொழுவம் வரை போனது. எட்டரை, பதினொன்று, ஒன்பது என்று வந்தவர்கள் பெருமூச்சோடு அட்டைச் சீட்டு வாங்கினார்கள். பதினெட்டு என்று வந்த ஒரு தச்சர் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மூட்டை கட்டப் போனார். பாதிரியாரும் போகிறவர்கள் பட்டியலில் சேர்ந்தார்; குறுக்கிய பிரசங்கம் பிடித்துப்போயிருந்ததால் சபையார் நிஜமாகவே அழுதார்கள்.

ரெஹேமாவின் முறை வந்தபோது சந்தையில் தராசுத் தட்டு ஆடுகிற சத்தம்கூட இல்லை. பொய்யாக இருபது என்று எழுதிக்கொண்ட வஞ்சிரு தன் கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். ரெஹேமா செருப்பைக் கழற்றினாள். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சங்கரவடிவு, எனக்கு இவளைப் பிடித்திருக்கிறது, உன் திதியில் வந்தவளாக இருந்தால் நான் என்ன செய்வேன், இல்லாவிட்டாலும் நான் என்ன செய்வேன் என்று மனதுக்குள் ஓடியது. செத்துப்போன பெண்டாட்டியிடம் இப்படியொரு விஷயத்துக்கு உதவி கேட்கலாமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

கண்ணைத் திறந்தபோது பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது. பன்னிரண்டே கால்.

முதிசோ பட்டியலில் விரலை ஓட்டினார். "இரண்டாயிரத்திரண்டு, ஆண்டின் நடுப்பகுதி. இது உங்கள் கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான்."

"எந்த நாள் என்று சொல்ல முடியுமா?"

"சொல்ல முடியும்" என்றார் ஆவுடையப்பன். "எங்க வீட்டம்மா செத்த நாளோட விலை அது. மறக்கிற எண் இல்ல."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முதிசோ அனுதாபமாகத் தலையசைத்து, ரெஹேமாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கித் திரும்பாத கையில் வைத்துக்கொண்டு, நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

அதற்குப்பின்தான் வரிசையில் காரியம் நடந்தது. அடுத்து நின்ற தையல்காரருக்கும் பன்னிரண்டே கால். அவருக்குப் பின்னால் மூன்று பேருக்கு வேறுவேறு எண்கள், பிறகு இரண்டு பேருக்குப் பன்னிரண்டே கால், பிறகு ஒரு குடும்பமே பன்னிரண்டே கால். திதிக்கு முதன்முதலாகப் பாலம் தாண்டி வந்தவர்கள் இத்தனை பேர் ஊரில் தங்கியிருக்கிறார்கள் என்று ஆவுடையப்பனுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வயது இரட்டைப் பிள்ளைகள் நின்றார்கள். பதினாறு வருடத்துக்கு முன்பு வந்தவர்கள் என்று பலகை காட்டியது. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி, பன்னிரண்டே கால். கடைசியில் ஒருத்தி இடுப்புக் குழந்தையை இறக்கிக் கோட்டில் நிற்கவைத்தாள். அது இரண்டு விரலை வாயில் போட்டுக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தது. பன்னிரண்டே கால்.

முதிசோ குழந்தையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சுற்றறிக்கையை எடுத்து இரண்டாம் பத்தியைப் படித்தார். பலகை காட்டும் எண்ணே இறுதியானது.

"வயது?"

"ஒண்ணரை" என்றாள் தாய்.

"பதினாறுக்குக் குறையாது" என்று சொல்லிக்கொண்டே முதிசோ எழுதினார். குழந்தை அவர் பேனாவைப் பிடித்து இழுத்தது.

சாயங்காலம் வரிசை முடிந்தது. முதிசோ பதிவேட்டைப் பின்னாலிருந்து முன்னாலாக ஒருதரம் எண்ணினார், முன்னாலிருந்து பின்னாலாக இன்னொருதரம் எண்ணினார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"நூற்று எழுபத்தொரு பேர். ஒரே நாளில். லாரி இரண்டு சேர்ந்து போக முடியாத பாலம் இது. காரணம் என்ன என்று எழுத இங்கே ஒரு கட்டம் இருக்கிறது. நான் ஏதாவது எழுதியாக வேண்டும், பெரியவரே. அன்றைக்கு இந்த ஊரில் என்ன நடந்தது?"

அந்த மேசையில் நூற்று எழுபத்தொரு பேருடைய சோறு இருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று ஆவுடையப்பனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? மூன்று நாளாக அடித்த மழையில் பாதை அறுந்து, ஊரில் ஒரு ஆள் வெளியே வர முடியாமல், சங்கரவடிவின் உடம்பை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது நாலே பேர். அவர், ஹமிசி, வஞ்சிரு, வண்டிக்காரன். சொந்த ஊரில் என்றால் தெரு கொள்ளாது; அவள் வகையறா அப்படி. பெண்பிள்ளைகள் கூடி அழுகிற சத்தம்கூட இல்லாமல் அவளை அனுப்பிவைத்தோமே என்ற ஒன்றைத்தான் பதினாறு வருடமாக அவரால் தாங்க முடியவில்லை.

"சாவுதான் ஐயா" என்றார் ஆவுடையப்பன். "எங்க வீட்டம்மா செத்துட்டா. சனம் வந்தது."

"இவ்வளவு பேரா?"

"எல்லாரும் வந்தாவ."

அப்போது ரெஹேமா ஓரத்திலிருந்து வந்தாள். மேசையைச் சுற்றி, அதிகாரியைத் தாண்டி, முக்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முன்னால் நின்று, அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, "போலே" என்றாள். அந்த ஊரில் துக்கம் கேட்கிற சொல் அது. அவளுக்குப் பின்னால் தையல்காரர் வந்து கையைப் பிடித்து அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் அந்தக் குடும்பம் வந்தது. இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள், சீருடைச் சிறுமி வந்தாள், இடுப்புக் குழந்தையின் ஈரக் கையைத் தாய் பிடித்து அவர் கைமேல் வைத்தாள். சந்தையின் கடைசி வரை ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். பெண்பிள்ளைகள் அந்த ஊர் வழக்கப்படி குரலெடுத்து அழுதார்கள். அதிகாரிக்காக அழுவதுபோலத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு நிஜமாகவே அழுதார்கள்.

முதிசோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்து, 'துக்கத்துக்கு வந்தவர்கள், 171 பேர்' என்று கட்டத்துக்குள் எழுதி, அதன்மேல் அரசாங்க முத்திரையை அழுத்தினார். ஆவுடையப்பன் அந்த வரியைத் தலைகீழாகவே இரண்டு தரம் படித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பதினாறு வருடத்துக்கு முன் நாலு பேர் நடுவில் அழ முடியாத அழுகையை, வந்த சனத்தின் நடுவில் அழுது தீர்த்தார்.